ஊர்க் கண்காட்சியில் ருபார்ப் சமையல் போட்டி: நம்மவர்கள் என்ன செய்து வைக்கலாம்?

இங்கிலாந்தின் யார்க்ஷயருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், ஆகஸ்டில் உங்கள் ஊர்க் கண்காட்சியில் ருபார்ப் பதார்த்தப் போட்டி இருக்கிறது, அதில் சேரலாமா, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். லீட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் நான் இரண்டு முறை சேர்ந்தேன். முதல் ஆண்டு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு இரண்டாம் பரிசு.

ருபார்பைப் பார்த்திராதவர்களுக்காக: செலரி மாதிரி நீளமான தண்டு, சிவப்பும் பச்சையுமாக இருக்கும். வாயில் வைத்தால் புளிச்சக்கீரை நினைவுக்கு வரும். தண்டை மட்டும்தான் சாப்பிட வேண்டும். இலையில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அது விஷம். கீரைதானே என்று ஆய்ந்து போட்டுவிடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் இரேவற்சின்னி என்று தருவது இதன் உறவுச்செடி ஒன்றின் கிழங்கு.

நீங்கள் குடிவந்திருப்பது ருபார்பின் சொந்த ஊர் மாதிரி. வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் மூன்றுக்கும் நடுவில் உள்ள நிலத்தை ‘ருபார்ப் முக்கோணம்’ என்றே சொல்வார்கள். செடியை இரண்டு ஆண்டு பறிக்காமல் வயலில் விட்டு, பனியில் நன்றாகக் குளிர்ந்தபின் வேரோடு பெயர்த்து, இருட்டுக் கொட்டகையில் வைத்துச் சூடேற்றுவார்கள். வேரில் சேர்ந்திருக்கும் சத்தைக்கொண்டு தண்டு வெளிச்சம் தேடி இளஞ்சிவப்பாக நீளும். வெளிச்சம் பட்டால் அந்த மென்மை போய்விடும் என்று மெழுகுவத்தி ஏற்றித்தான் பறிப்பார்கள். 2010ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு, நம் புவிசார் குறியீடு போன்ற ஒரு பாதுகாப்புக் கொடுத்தது. பிப்ரவரியில் அந்தக் கொட்டகைகளில் ஒன்றைப் போய்ப் பாருங்கள். நான் நின்ற இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தியதும், மொட்டின் உறை பிளக்கிற சத்தம் மெல்லக் கேட்டது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தச் செடிமேல் தனிப் பிரியம்.

ஆனால் போட்டிக்கு அந்தக் கொட்டகைத் தண்டு வேண்டாம். வெளியே வெயிலில் வளர்ந்து மே மாதம் கிடைக்கிற தடித்த தண்டு போதும். அதற்குத்தான் புளிப்பும் காரமும் தாங்கும். எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தோட்டத்திலிருந்து கொடுத்தார். கத்தியால் வெட்டக்கூடாது, அடியில் பிடித்து முறுக்கி இழுக்க வேண்டும் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

என்ன செய்யலாம் என்றால், என் பதில் சட்னி. பழத்தின்மேல் மாவு உதிரி தூவிச் சுடுகிற கிரம்பிளும், மாவு உறைக்குள் பழம் வைத்துச் சுடுகிற ‘பை’யும் (pie) இங்கே சின்ன வயதிலிருந்தே செய்து பழகியவர்கள் ஏராளம். காரமும் புளிப்பும் சேர்கிற இடத்தில் நம் நாக்கு பழகிய நாக்கு. ஆனால் அவர்கள் சொல்லும் சட்னி வேறு. பழம், வெங்காயம், சர்க்கரை, வினிகர் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்து எடுப்பது. இது தெரியாமல் முதல் ஆண்டு, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, தக்காளித் தொக்கு மாதிரி முந்தின நாள் செய்து வைத்தேன். “சுவை நன்று. முதிரவில்லை. பாட்டில் நிரம்பவில்லை. மேலே எண்ணெய் நிற்கிறது” என்று நடுவர் அட்டையில் எழுதியிருந்தார். அன்று வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம்.

இரண்டாம் ஆண்டு மே மாதமே செய்தேன். ஒரு கிலோ தண்டுக்கு அரைக் கிலோ வெங்காயம், 400 கிராம் நாட்டுச்சர்க்கரை, 400 மில்லி ஆப்பிள் வினிகர், ஒரு கை உலர்திராட்சை, நிறைய இஞ்சி, கொஞ்சம் கடுகு, நான்கு காய்ந்த மிளகாய், உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டாம், தண்டில் பெரும்பங்கு தண்ணீர்தான். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வரில் சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகும். மரக்கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுங்கள். நீர் ஓடிவந்து அந்தக் கோட்டை மூடாமல் நின்றால் பதம். சூடான பாட்டிலில் சூட்டோடு விளிம்புவரை ஊற்றி மூடுங்கள். வினிகர் வெறும் உலோகத்தை அரிப்பதால் மூடியின் உட்புறம் பூச்சு உள்ளதாக இருக்கட்டும். கடைப் பெயர் தெரியும் பாட்டில் வேண்டாம். பொருளின் பெயரும் செய்த தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சர்க்கரையைக் கூட்டிப் புளிப்பை அமுக்கிவிடாதீர்கள். அமுக்கிவிட்டால் அது எந்தப் பழத்தில் செய்த சட்னி என்றே தெரியாது. மூன்று மாதம் இருட்டு அலமாரியில் இருந்தால் வினிகரின் கார நெடி தானாக அடங்கும், ருபார்பின் புளிப்பு மட்டும் நிற்கும். நடுவர் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்.

போட்டி முடிந்ததும் ஒரு கரண்டி குறைந்த பாட்டில் உங்களிடமே திரும்பிவரும். பக்கத்து வீட்டுப் பெரியவர் பாதியை வாங்கிக்கொண்டு வென்ஸ்லிடேல் சீஸோடு சாப்பிட்டார். மீதிப் பாதி எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு ஒரு வாரம் வந்தது.