பூட்டிய கோத்தகிரி வீட்டில் சம்மன் ஒட்டி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

நீங்கள் திருப்பூரில் வேலையில் இருக்க, கோத்தகிரி வீட்டுக் கதவில் சம்மனை ஒட்டிவிட்டு, கடன் வழக்கில் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கி, அதாவது நீங்கள் ஆஜராகவில்லை என்று உங்கள் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பு வாங்கிவிட்டார்கள் என்கிறீர்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் ஊறி உதிர்ந்துபோகும் காகிதம் உங்கள் கண்ணில் எப்படிப் படும்? பயப்படாதீர்கள், வழி இருக்கிறது, ஆனால் நாளைக் கடத்தாதீர்கள்.

தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 13-ன்படி அதை ரத்து செய்யக் கேட்டு மனு போட வேண்டும். கெடு 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அதுவும் தாண்டிவிட்டதா, காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ல் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனுவும் சேர்த்துப் போடுங்கள்.

முதல் வேலையாக வக்கீல் மூலம் வழக்குக் கட்டைப் பாருங்கள். சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா எந்தத் தேதியில் வந்தார், வீட்டை அடையாளம் காட்டியது யார், உங்களைத் தேடிப் பார்த்ததாக ஏதாவது எழுதியிருக்கிறாரா? அந்தத் தேதியில் திருப்பூரில் இருந்ததற்குக் கம்பெனி வருகைப் பதிவு, வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதுதான் உங்கள் பலம். ஆனால் ஒன்று, வாய்தா தேதி முன்பே தெரிந்திருந்தால் சம்மனில் சின்னக் குறை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள்.

தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு எதிர்த்தரப்பு போடும் நிறைவேற்று மனு வந்திருந்தால் உடனே தடை கேளுங்கள். ரத்து மனு தள்ளுபடியானாலும் அதே சட்டத்தின் கட்டளை 43-ல் மேல்முறையீடு உண்டு.