புதிதாகத் துப்பாக்கி சுடப் பழகுபவருக்கு ரைஃபிளா, பிஸ்டலா?

இரண்டும் அதே 0.22 அங்குல ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்தால் வெடிக்கும்) தோட்டாவையே சுடுவதால் செலவு முடிவைத் தீர்மானிப்பதில்லை. முதலில் ரைஃபிளையே எடுங்கள் என்பேன். குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 செ.மீ. மட்டுமே உள்ள பிஸ்டலில் குறி 1 மி.மீ. பிசகினால் 25 மீட்டரில் குண்டு 12.5 செ.மீ. விலகும், அந்த இடைவெளி 70 செ.மீ. ஆக உள்ள ரைஃபிளில் அதே பிசகு 3.6 செ.மீ. விலக்கமே தரும். தோளும் கன்னமும் இரு கைகளும் ரைஃபிளைத் தாங்குகின்றன. போட்டிப் பிஸ்டலையோ நீட்டிய ஒற்றைக் கைதான் தாங்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, குட்டையான பிஸ்டலின் வாய் கவனம் சிதறும் கணத்தில் அருகில் நிற்பவர் பக்கம் எளிதில் திரும்பிவிடும். எனினும், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியத் துப்பாக்கி வீரர் விஜய்குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியே உங்கள் இலக்கென்றால், பயிற்சியாளரின் மேற்பார்வையில் பிஸ்டலிலேயே தொடங்கலாம்.