வெறும் சாபமா?

கேள்வி: சார்டிஸ் நகரத்துக் கல்லறைக் கல்லில் உள்ள லிடிய மொழிச் சாபத்தின் கடைசி வினைச்சொல்லுக்கு ஒரு நூல் 'சிதறடிப்பார்கள்' என்கிறது, இன்னொன்று 'அழிப்பார்கள்' என்கிறது. எது சரி? வெறும் சாபத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா?

பதில்: அந்த 'வெறும்' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். பண்டைய மேற்குத் துருக்கியில் பேசப்பட்டு அழிந்துபோன லிடிய மொழி நம் கைக்கு வந்ததே பெரும்பாலும் சாபங்களால்தான். கிடைத்திருப்பவை நூற்றுச் சொச்சம் கல்வெட்டுகள், அவற்றில் கல்லறைக் கற்களே அதிகம். செத்தவன் எலும்பைக் காப்பாற்ற எழுதியவை. ஆகவே 'சேதப்படுத்து' என்ற வினை திரும்பத் திரும்ப வருகிறது. அடுப்படியிலும் வயலிலும் புழங்கிய வினைகள் கல்லில் ஏற வழியே இல்லை. ஒரு மொழியின் கோபம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை மதித்துப் படிக்க வேண்டும்.

இனி உங்கள் கல். மேற்குத் துருக்கியில் உள்ள சார்டிஸில் அமெரிக்கக் குழு 1912-இல் கண்டெடுத்தது. மொழியறிஞர் லிட்மன் 1916-இல் பதிப்பித்தார். ஒரே கல்லில் லிடியமும், பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியான அரமேயமும் இருக்கின்றன. கல்லறையைக் கெடுப்பவனின் முற்றம், வீடு, நிலம், நீர், உடைமை எல்லாவற்றையும் எபேசஸின் ஆர்ட்டெமிஸ் தேவியும் கொலோவேயின் ஆர்ட்டெமிஸ் தேவியும் என்ன செய்வார்கள் என்பதுதான் கேள்வி. அரமேயம் 'சிதறடிப்பார்கள்' என்கிறது. அதோடு முடிந்தது என்று பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் மூட மாட்டேன்.

லிடியத்தில் முற்றமும் வீடும் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றன. 'வீட்டை' இல்லை, 'வீட்டுக்கு' அல்லது 'வீட்டின் மேல்'. சிதறடிப்பதும் அழிப்பதும் இரண்டாம் வேற்றுமை கேட்கும் வினைகள். மேலே விழுந்து தாக்குவது, மிதிப்பது போன்ற ஒரு வினை இங்கே இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அரமேயத்திலோ 'அவனையும் அவன் வாரிசையும்' என்று வருகிறது. லிடியத்தில் அந்த வாரிசே இல்லை. அரமேயம் எழுதிய எழுத்தர் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை, தன் மொழியில் வழக்கமாக எழுதும் சாபத்தை எழுதினார் என்றே நான் நினைக்கிறேன். அரமேயம் நமக்குத் திசை காட்டுகிறது, பொருளை எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஆகவே இரண்டு நூல்களும் அந்தச் சொல்லின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்க வேண்டும். போடாதது எனக்குக் கோபம் தருகிறது.

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு, இந்தப் பக்கத்தில் முன்பும் சண்டை போட்டிருக்கிறேன். ஒலி ஒத்திருந்தால் மொழிகளுக்குள் உறவு என்று கடிதம் எழுதுகிறவர்கள்! லிடியத்தில் 'க்' என்ற ஒட்டு சொல்லின் பின்னால் சேர்ந்து நம் 'உம்' செய்யும் வேலையைச் செய்கிறது. ஆர்ட்டிமுக் என்றால் 'ஆர்ட்டெமிஸும்'. வேலை ஒன்று, உறவு இல்லை. லிடியம் ஹிட்டைட், லூவியம் என்ற பண்டைத் துருக்கி மொழிகளுக்கு உடன்பிறப்பு. அந்த வீட்டுக்குள்ளேயே ஒலியை வைத்துப் பொருள் சொல்லி ஏமாந்தவர்கள் ஏராளம். ஒரு வினை எந்த எழுவாயோடு, எந்த வேற்றுமையோடு, எத்தனை கற்களில் வருகிறது என்று பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் பொருள் சொல்லக் கிளம்ப வேண்டாம்.

பக்கத்து லிசியா நாட்டின் மொழியான லிசியத்துக்கு 1973-இல் லெட்டூன் என்ற கோயில் தலத்தில் மும்மொழிக் கல் ஒன்று கிடைத்தது. லிசியம் படிப்பதே அதன்பின் வேறானது. சார்டிஸில் ஹார்வர்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் அகழாய்வு 1958-இல் தொடங்கியது. இன்னும் ஒரு நீளமான இருமொழிக் கல் அங்கே வெளிவர வேண்டும் என்று மனதாரக் காத்திருக்கிறேன். அதுவும் சாபமாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.