பிரேக்கில் குறை இருக்கலாம், சரிசெய்ய வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று கார் கம்பெனியிடமிருந்து ரீகால் கடிதம் வந்திருக்கிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அடுத்த சர்வீஸ் வரை பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு வந்த மாதிரியே எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மூன்று வாரம் மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்ற அதே நினைப்புதான்.

ஒரு நாள் சிக்னலில் நிற்கிறேன், பின் சீட்டில் மகள் தூங்குகிறாள். மிதித்து வைத்திருந்த பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கியது. வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. காலை எடுத்துத் திரும்ப மிதித்தேன், கல் மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் அளவு குறையவே இல்லை. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. அதைப் பார்த்துதான் எனக்குப் பயமே வந்தது.

பிறகு மெக்கானிக் கழற்றிக் காட்டினார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீலின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு. சீல் விட்டுக்கொடுத்தால் ஆயில் வெளியே ஒழுகாது, உள்ளுக்குள்ளேயே பின்பக்கம் நழுவிவிடும். வேகமாக மிதித்தால் அழுத்தத்தில் சீல் விரிந்து பிடித்துக்கொள்ளும், மெதுவாக மிதித்தபடி வைத்திருந்தால் இறங்கும். அதனால் ஓட்டிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று நாமாக முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, கார்களில் பிரேக் லைன் இரண்டு தனித்தனிப் பாதையாக இருக்கும். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும், ஆனால் நிற்க அதிக தூரம் எடுக்கும். நிதானமாக ஓட்டும்போது அந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம். யாராவது குறுக்கே வந்தால் தெரியும்.

2022-இல் மெர்சிடஸ் பென்ஸ் உலகம் முழுக்கச் சுமார் 10 லட்சம் பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இந்த மாதிரி மறைந்திருந்த குறைக்குத்தான். மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரின் மேல் உள்ள ரப்பர் உறைக்கடியில் ஈரம் தங்கித் துருப்பிடித்திருக்கலாம் என்றார்கள். சோதித்து முடிக்கும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

சரி, இப்போது கடிதத்தை எடுத்து 'ஓட்ட வேண்டாம்' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரீகால் வேலைக்கு ஆகும் செலவு கம்பெனியுடையது. பாகம் இன்னும் வரவில்லை என்றால், அதுவரை ஓட்டலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்குக் கடிதம் முந்தைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கலாம். 17 எழுத்து சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், கிளம்பும் முன் சமதளத்தில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை லேசாக மிதித்து அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். இறங்கிக்கொண்டே போனால் சர்வீஸ் சென்டருக்குக்கூட நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள். அவர்களையே வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.