அத்தை சாப்பிட்ட க்ரீன் கறியில இறால் விழுது: இனி அந்தக் கடைக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, நாங்க சிட்னியில பென்டில் ஹில் பக்கம் இருக்கோம். வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சின்ன தாய்லாந்து ரெஸ்டாரன்ட், புருஷன் பொண்டாட்டி சேர்ந்து நடத்துறாங்க. நாலு வருஷமா மாசம் ரெண்டு தடவையாவது போவோம், பையனுக்குக் காரம் இல்லாம தனியா செஞ்சு குடுப்பாங்க, அவ்ளோ பிரியம். சில நாள் கூட்டத்துல ஆர்டர் மாறி வரும், ஒருமணி நேரம் காத்திருந்ததும் உண்டு, அதெல்லாம் பெருசா எடுத்துக்கல. போன மாசம் ஊர்ல இருந்து வந்த என் மாமியாரைக் கூட்டிட்டுப் போனோம், அவங்க பிறந்ததுல இருந்து சுத்த சைவம். மெனுல வெஜிடேரியன்னு போட்டிருந்த க்ரீன் கறியை ரசிச்சு சாப்பிட்டாங்க. அடுத்த வாரம் பார்சல் வாங்கப் போனப்ப, அந்தக் கறி விழுதுல இறால் இருக்கும்னு கவுன்டர்ல இருந்த பொண்ணு பேச்சுவாக்குல சொல்லிடுச்சு. வீட்டுக்காரர் கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டே தீரணும்னு நிக்கிறார். அத்தைகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு அந்தக் கடையை விடவும் மனசில்ல. என்ன பண்றது?

பதில்: அன்புத் தங்கச்சிக்கு, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். உங்க அத்தைக்கு நடந்தது சின்ன விஷயம் இல்லை, அதை முதல்ல சொல்லிடறேன். வாழ்நாள் முழுக்க ஒருத்தர் காப்பாத்திட்டு வந்த ஒண்ணு அவங்களுக்குத் தெரியாமலே உடைஞ்சிருக்கு, "சரி விடுங்க, தெரியாம தானே"ன்னு யாராவது சொன்னா அந்தப் பேச்சைக் காதுல வாங்காதீங்க. உங்க வீட்டுக்காரர் கோவத்துல முழு நியாயம் இருக்கு. ஆனா அந்தக் கோவத்தை முதல்ல கொண்டுபோக வேண்டிய இடம் கூகுள் இல்ல, அந்தக் கடை கிச்சன் வாசல்.

ஏன்னா இங்க நடந்தது என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். தாய்லாந்து சமையல்ல உப்பு போடற வேலையைப் பெரும்பாலும் செய்யறது நாம் ப்ளா, அதாவது நெத்திலி மாதிரி சின்ன மீனையும் உப்பையும் சேர்த்து மாசக்கணக்குல, சில இடத்துல ஒரு வருஷத்துக்கு மேலயும் ஊறப்போட்டு வடிக்கிற தண்ணி. அடுத்தது கபி, கூனி இறாலை உப்புப் போட்டு வெயில்ல காயவெச்சு இடிச்ச விழுது. க்ரீன் கறியோ ரெட் கறியோ மஸமனோ, பச்சமிளகா, பூண்டு, எலுமிச்சைப் புல் இதோடல்லாம் கபியையும் சேர்த்தே இடிக்கறதுதான் அவங்க வழக்கம், அதனால நீங்க ஆர்டர் குடுக்கும்போது "மீன் வேண்டாம் இறால் வேண்டாம்"னு சொன்னாலும் சமைக்கிறவர் தூக்கிப்போட அங்க ஒரு துண்டும் இருக்காது, அது விழுதுக்குள்ளயே கரைஞ்சு போய் இருக்கு. கோழிக்குப் பதிலா டோஃபு, அதாவது சோயா பனீர் போட்டுட்டா அந்த மெனுவுக்கு அது வெஜிடேரியன்.

இதுல எனக்கு ரொம்ப நாளா மனசுல நிக்கிற ஒரு விஷயம், தாய்லாந்து மொழியில சைவத்துக்கு மங்சவிரத்னு ஒரு சொல் இருக்கு, உச்சரிச்சுப் பாருங்க, நம்ம காதுக்கும் புரியும், சமஸ்கிருதத்துல இருந்து போன மாம்சமும் விரதியும் தான், மாமிசத்தை விட்டு விலகி இருக்கறதுன்னு அர்த்தம். அந்த வார்த்தைக்கு மாமிசத் துண்டு இல்லாம இருந்தா போதும்னு நினைக்கிற சமையல்காரங்க நிறைய பேர் இருக்காங்க, மீன் தண்ணி அவங்க கணக்குல நம்ம வீட்டு உப்பு மாதிரி. உங்க அத்தை கேக்கறதுக்கு நெருக்கமான சொல் இன்னொண்ணு இருக்கு, "ஜே". மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயம் கூட சேக்க மாட்டாங்க. சீன நாள்காட்டி ஒன்பதாம் மாசம் முதல் ஒன்பது நாள் தாய்லாந்துல ஜே விரதம் இருப்பாங்க, புக்கெட்ல பெரிய திருவிழா, கடைக்குக் கடை மஞ்சள் கொடி கட்டியிருக்கும், பெரும்பாலும் நம்ம நவராத்திரி வர்ற அதே சமயத்துல தான் அதுவும் வரும். தாய்லாந்துக்காரங்க நடத்துற கடைன்னா ஜேன்னு சொன்ன உடனே மூஞ்சியே மாறும், "ஓ அதைச் சொல்றீங்களா"ன்னு. அங்க இருந்து பேச்சை ஆரம்பிங்க.

அதுக்காக கடைக்காரங்க மேல தப்பே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆஸ்திரேலியாவுல உணவுச் சட்டப்படி, பாக்கெட் போடாம தட்டுல பரிமாறற சாப்பாடா இருந்தாலும், கஸ்டமர் கேட்டா மீன், இறால் வகை, வேர்க்கடலை மாதிரி அலர்ஜி லிஸ்ட்ல உள்ள பொருள் அதுல இருக்கா இல்லையான்னு கடை சொல்லியே ஆகணும். வெஜிடேரியன்னு தலைப்புப் போட்டு அதுக்குக் கீழ கபி சேர்த்த கறியை விக்கறது தப்பு தான், நாலு வருஷ பழக்கம் அந்தத் தப்பைச் சின்னதாக்காது. ஆனா அந்தப் பழக்கம் இருக்கறதால தான் நீங்க நேர்ல போய்ப் பேச முடியும்.

எனக்கும் இப்படி ஒரு கடை இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணி நேரம் உக்கார வெச்சுட்டாங்க, எங்க கண்ணு முன்னாடியே டெலிவரி பை ஒண்ணு மாத்தி ஒண்ணு வெளிய போகுது, எங்க டேபிளுக்குத் தண்ணி கூட வரல, கடைசியா வந்த பட் தாய் நூடுல்ஸ் ஆறிப்போய் ஒட்டிக்கிட்டு, புளி வாசமே இல்லாம வெறும் சக்கரைத் தித்திப்பு. அன்னைக்கு ராத்திரியே போன்ல நல்லா காட்டமா ஒரு ரிவ்யூ டைப் பண்ணினேன். அனுப்பறதுக்கு முன்னாடி நிறுத்தினது எது தெரியுமா, அதுக்கு முந்தின குளிர்காலத்துல எங்கப்பா காய்ச்சலோட எதுவும் வேண்டாம்னு உக்காந்திருந்தப்ப, அந்தக் கடை அம்மா உள்ள இருந்து வந்து பாத்துட்டு, மெனுலயே இல்லாத ஜோக், அதான் நம்ம குழைஞ்ச அரிசிக் கஞ்சி, இஞ்சி நறுக்கிப் போட்டுக் கொண்டுவந்து வெச்சாங்க, அப்பா மூணு நாளைக்கு அப்புறம் அன்னைக்குத் தான் ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டார். ரெண்டு நாள் கழிச்சு நான் நேர்ல போய்ச் சொன்னேன், அந்தம்மா கண் கலங்கிட்டாங்க, சமையலுக்கு இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வரலையாம் அன்னைக்கு. அப்புறமும் அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போறதில்ல, புதன்கிழமை தான் போவேன், அது வேற.

அதனால நீங்களும் ஒரு செவ்வாயோ புதனோ, மத்தியானக் கூட்டம் அடங்கினதும் ரெண்டரை மணி போல போங்க. வீட்டுக்காரரும் வரட்டும், ஆனா பேசறது நீங்க பேசுங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க, எங்க அத்தை வாழ்க்கையில மீன் தொட்டதில்ல, உங்க மெனுவை நம்பிக் குடுத்தோம்னு. அப்புறம் "இது வெஜ்ஜா"ன்னு மட்டும் கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு எப்பவும் ஆமான்னு தான் பதில் வரும். ஒவ்வொண்ணாக் கேளுங்க. கறி விழுது நீங்களே இடிக்கறதா இல்ல டப்பாவா, டப்பான்னா லேபிளைக் காட்ட முடியுமா. வதக்கற காய்ல ஆய்ஸ்டர் சாஸ் போடறீங்களா, அது சிப்பியில இருந்து எடுக்கறது, அதுக்குப் பதிலா காளான்ல செஞ்ச சாஸ் கிடைக்குது, அது வெச்சிருக்கீங்களா. டாம் யாம் சூப்புல போடற மிளகா விழுதுல காஞ்ச இறால் இருக்கா, சூப்புக்குத் தண்ணியா இல்ல கோழி ஸ்டாக்கா, ஸ்ப்ரிங் ரோலை எந்த எண்ணெயில பொரிக்கறீங்க. பட் தாய்லயும் பப்பாளிக்காய் இடிச்சுச் செய்யற சோம் தம்லயும் காஞ்ச இறாலும் நாம் ப்ளாவும் வழக்கமா இருக்கும். டேபிள்ல மிளகாய் நறுக்கிப்போட்டு ஒரு சின்னக் கிண்ணம் வைப்பாங்க பாருங்க, அதுவும் மீன் தண்ணி தான், நம்ம ஆளுங்க நிறைய பேர் சோயா சாஸ்னு நினைச்சு சோத்துல ஊத்திக்கறாங்க.

"மை சை நாம் ப்ளா, மை சை கபி", மீன் தண்ணி போடாதீங்க, இறால் விழுது போடாதீங்கன்னு அர்த்தம், கடைசியில ஒரு "கா" சேத்துக்கோங்க, பொம்பளைங்க மரியாதைக்குச் சொல்றது. நீங்க சொல்லலாம், பேப்பர்ல எழுதியும் குடுக்கலாம். டெலிவரி ஆப்ல குறிப்புப் பெட்டியில டைப் பண்ணி மட்டும் விட்டுடாதீங்க, அவசரத்துல யாரும் படிக்காம போக வாய்ப்பு அதிகம். இன்னொண்ணு, காரியம் ஆகணும்னு அலர்ஜின்னு பொய் சொல்லாதீங்க. நிஜமாவே வேர்க்கடலை பட்டா மூச்சு அடைக்கிற குழந்தைங்க இருக்கு, அந்த வார்த்தைய கிச்சன் நம்பணும்.

அத்தைகிட்ட இன்னும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. சொல்லணும்மா. மறைச்சு வெச்சா நாளைக்குப் பையன் வாய்ல இருந்து வந்துடும், அப்ப உங்க மேல இருக்கற நம்பிக்கையும் சேர்ந்து போயிடும். உங்க வீட்டுக்காரர் சொல்லட்டும், அவங்க பெத்த பிள்ளை, பக்கத்துல நீங்க இருங்க. "எங்களுக்கும் தெரியாது அத்தை, தெரிஞ்ச உடனே மனசு ஆறல, உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல"ன்னு சொல்லுங்க. கோவப்பட்டா படட்டும், அழுதா அழட்டும், கோயிலுக்குப் போகணும்னா கூட்டிட்டுப் போங்க. பரவாயில்லைன்னு சொல்ற உரிமை அவங்களுக்கு மட்டும் தான் இருக்கு.

கடைக்காரங்க மன்னிப்புக் கேட்டு, மெனுல திருத்தி எழுதினாங்கன்னா எந்த ஸ்டாரும் குறைக்க வேண்டாம், அந்தத் திருத்தத்தையே ரிவ்யூவா எழுதுங்க, அடுத்து வர்ற சைவக் குடும்பத்துக்கு அது தான் உதவும். "எல்லாரும் இப்படித்தான், யாரும் கேக்கறதில்ல"ன்னு தட்டிக்கழிச்சா அப்ப உங்க வீட்டுக்காரர் எழுதட்டும், என்னைக்குப் போனீங்க, என்ன கேட்டீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு மட்டும், திட்டு எதுவும் இல்லாம. பையனுக்குக் காரம் குறைச்சுச் செஞ்சு குடுத்தவங்க காது குடுப்பாங்கன்னு தான் எனக்குத் தோணுது.

அத்தை மறுபடி அந்தக் கடைக்கு வரேன்னு சொன்னா, கறி பக்கமே போகாதீங்க. வெறும் ஜாஸ்மின் சாதம், கழுவின வாணலியில சோயா சாஸ் மட்டும் போட்டு வதக்கின காயும் டோஃபுவும், அதுக்கப்புறம் மாம்பழத்தோட பசை அரிசி, தேங்காப்பால் சக்கரை உப்பு, மேல வறுத்த பாசிப்பருப்பு தூவியிருப்பாங்க, நம்ம பாயசத்துக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். வரலைன்னு சொன்னாங்கன்னா அவங்களுக்கு வீட்டுல தயிர் சாதம் பிசைஞ்சு வெச்சுட்டு நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க.