ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததா? செமினாருக்காகக் கேட்டவருக்கு

வினைச்சொல் கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, அதனால் ஜப்பானிய மொழி தமிழின் பிள்ளை என்று செமினாரில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, மாட்டிக்கொள்வீர்கள். கொரியன், துருக்கி, மங்கோலியன் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழ்த் தொடர்புக்காக வருடக்கணக்கில் உழைத்தார், உண்மை, ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கண், கை, தண்ணீரையே பாருங்கள், ஜப்பானியத்தில் மெ, தெ, மிசு. ஜப்பானியத்துக்குச் சந்தேகமில்லாத சொந்தம் என்றால் ஜப்பானின் தெற்கே இருக்கும் ரியூக்யூ தீவு மொழிகள்: பூவுக்கு டோக்கியோவில் ஹனா, ரியூக்யூவில் ஒன்றான மியாகோ தீவில் பனா. பழைய ப மியாகோவில் அப்படியே நிற்கிறது, டோக்கியோவில் ஹ ஆகிவிட்டது, நம்ம பால் கன்னடத்தில் ஹாலு ஆன மாதிரி. அதை வைத்துக் கன்னடமும் ஜப்பானியமும் உறவு என்று கிளம்பிவிடாதீர்கள்! சரி, ஸ்லைடில் இந்த ஹனா–பனா ஜோடியைக் கட்டாயம் போடுங்கள்.