சீமேக்கில் புதிய மைக்ரோகண்ட்ரோலர் ஆர்க்கிடெக்சரைச் சேர்ப்பது: கேள்வி பதில்

ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்களுக்கென்று எழுதிய சீமேக் (கோடை பில்ட் செய்யும் வேலையை ஒழுங்குபடுத்தும் கருவி) ப்ராஜெக்டில் ரிஸ்க்-ஃபைவ், ஏவிஆர் சிப்களையும் சேர்க்க முயல்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: சார், சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு இஃப் போட்டு வைத்திருக்கிறோம். ரிஸ்க்-ஃபைவையும் அதிலேயே நுழைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 'ப்ராஜெக்ட்' கட்டளை ஓடும்போதே சீமேக் கம்பைலரைத் தேடி, சோதித்து, முடிவு செய்துவிடும். அதற்குக் கீழே இஃப் போட்டுக் கம்பைலரை மாற்றினால் எடுபடாது. டூல்செயின் கோப்பு (எந்த சிப்புக்கு, எந்தக் கம்பைலரால் பில்ட் செய்வது என்று சீமேக்குக்குச் சொல்லும் தனிக் கோப்பு) அந்தத் தேடலுக்கு முன்பே படிக்கப்படுகிறது. சிஸ்டம் நேம் 'ஜெனரிக்', ப்ராசஸர் பெயர், கம்பைலர், ஆர்க்கிடெக்சர் ஃப்ளாக்குகள் ஆகிய நான்கும் அங்கேதான் இருக்க வேண்டும். ஒரு கோருக்கு (சிப்புக்குள் இருக்கும் ப்ராசஸர்) ஒரு டூல்செயின் கோப்பு, தனி பில்ட் ஃபோல்டர். லிங்கர் ஸ்கிரிப்டையும் (கோடும் டேட்டாவும் மெமரியில் எங்கே அமரும் என்று சொல்வது) ஸ்டார்ட்டப் கோப்பையும் (மெயினுக்கு முன் ஓடும் கோட்) அதில் சேர்க்காதீர்கள். ஒரே கோரில் வெவ்வேறு ஃபிளாஷ் அளவுள்ள சிப்கள் வரும், எனவே அவை சிப்பின் சொத்து.

கேள்வி: டூல்செயின் கோப்பு எழுதியாயிற்று. கம்பைலர் எளிய புரோகிராமைக்கூட பில்ட் செய்யவில்லை என்று சீமேக் நின்றுவிடுகிறது.

பதில்: சோதனைக்காக சீமேக் ஒரு முழு புரோகிராமை லிங்க் செய்து பார்க்கிறது. ஓஎஸ் இல்லாத சிப்பில் 'எக்ஸிட்' போன்ற ஃபங்ஷன்களைத் தர ஆளில்லை, லிங்க் தோற்கிறது. 'ட்ரை கம்பைல் டார்கெட் டைப்' மாறியை 'ஸ்டேட்டிக் லைப்ரரி' என்று வையுங்கள், அப்போது சோதனையில் லிங்க் இருக்காது. சீமேக் 3.6 முதல் இந்த வசதி உண்டு. கம்பைலர் சோதனையையே அணைத்துவிடும் பழைய குறுக்குவழி பக்கம் போகாதீர்கள், கம்பைலரைப் பற்றி சீமேக் அறிய வேண்டியது பலவும் அதோடு போய்விடும்.

இன்னொரு பொறி: சோதனையின்போது டூல்செயின் கோப்பு மறுபடி படிக்கப்படும். கமாண்ட் லைனில் நீங்கள் கொடுத்த சிப் பெயர் அங்கே காலியாக இருக்கும். அந்த மாறியை 'ட்ரை கம்பைல் பிளாட்ஃபார்ம் வேரியபிள்ஸ்' பட்டியலில் சேர்த்தால்தான் போய்ச் சேரும்.

கேள்வி: ஜிசிசி கம்பைலரை 12-ஆம் பதிப்புக்கு மாற்றியதும் 'சிஎஸ்ஆர்ஆர்' ஆப்கோட் தெரியவில்லை என்கிறது. நேற்றுவரை ஓடிய கோட் இது.

பதில்: கோடில் பிழையில்லை. ரிஸ்க்-ஃபைவ் விவரக்குறிப்பின் புதிய பதிப்பில் சிஎஸ்ஆர் கட்டளைகள் (ப்ராசஸரின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களைப் படிப்பவை, எழுதுபவை) அடிப்படை 'ஐ' தொகுதியிலிருந்து பிரிந்து 'ஸிசிஎஸ்ஆர்' என்ற தனி நீட்சியாகிவிட்டன. பின்யூட்டில்ஸ் (அசெம்பிளரும் லிங்க்கரும் உள்ள தொகுப்பு) 2.38-உம் ஜிசிசி 12-உம் இதையே இயல்பாகக் கொள்கின்றன. எம்-ஆர்க் ஃப்ளாக்கில் ஆர்வி32ஐஎம்ஏசி-க்குப் பின் அண்டர்ஸ்கோர் போட்டு ஸிசிஎஸ்ஆர் சேர்த்தால் தீரும். பழைய கம்பைலர்கள் இதை ஏற்காது, எனவே பதிப்பைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிஎச்32வி003 போன்ற சிறிய சிப் என்றால் (16 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம்) கோர் ஆர்வி32இசி, ஏபிஐ (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைக்கும் விதிமுறை) ஐஎல்பி32இ. ரெஜிஸ்டர்கள் 32 அல்ல, 16. இதே ஃப்ளாக்குகள் லிங்க்கருக்கும் போக வேண்டும். இல்லையென்றால் ஜிசிசி வேறு ஏபிஐ-க்கான சி லைப்ரரியை எடுத்துவரும். உங்கள் டூல்செயினில் அந்த ஜோடிக்கு லைப்ரரி இருக்கிறதா என்று 'பிரிண்ட் மல்ட்டி லிப்' ஆப்ஷனில் முதலிலேயே பாருங்கள்.

கேள்வி: பில்ட் சுத்தமாக முடிகிறது. போர்டு மட்டும் உயிர் பெறவில்லை.

பதில்: லிங்க் வெளியீட்டில் என்ட்ரி சிம்பல் (புரோகிராம் தொடங்கும் இடத்தின் பெயர்) கிடைக்கவில்லை என்ற வார்னிங் இருக்கும், தேடுங்கள். 'ப்ராஜெக்ட்' வரியில் சி மட்டும் எழுதி, ஏஎஸ்எம் (அசெம்பிளி) மொழியை விட்டிருந்தால், ஸ்டார்ட்டப் அசெம்பிளி கோப்பை சீமேக் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். வார்னிங் இல்லையென்றால், பயன்படாத செக்ஷன்களை நீக்கும் ஆப்ஷன் வெக்டர் டேபிளை (ரீசெட், இன்டரப்ட் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) விழுங்கியிருக்கலாம். லிங்கர் ஸ்கிரிப்டில் அதற்கு 'கீப்' போட்டிருக்கிறதா பாருங்கள்.

போர்டு கிளம்பி, முதல் இன்டரப்டிலேயே தொங்கினால் காரணம் வேறு. இன்டரப்டைக் கவனிக்கும் உங்கள் ஃபங்ஷன், அதாவது ஹேண்ட்லர், ஸ்டேட்டிக் லைப்ரரிக்குள் இருக்கிறது. ஸ்டார்ட்டப்பில் அதே பெயரில் வீக் ஹேண்ட்லர் (வேறொன்று வந்தால் விட்டுக்கொடுக்கும் இயல்பு ஹேண்ட்லர்) ஏற்கெனவே இருப்பதால் லிங்க்கர் லைப்ரரியைத் திறந்தே பார்ப்பதில்லை. டிரைவர்களை 'ஆப்ஜெக்ட்' லைப்ரரியாக மாற்றுங்கள், அப்போது அவை நேராக லிங்க்கில் சேரும்.

கேள்வி: லிங்கர் ஸ்கிரிப்டைத் திருத்தினாலும் மறுபடி லிங்க் ஆகவில்லையே அண்ணா?

பதில்: டார்கெட்டின் 'லிங்க் டிபெண்ட்ஸ்' பண்பில் அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள்.

கேள்வி: ஏவிஆருக்கும் லிங்கர் ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமா?

பதில்: தேவையில்லை. 'எம்-எம்சியூ' ஃப்ளாக்கில் அட்மெகா328பி என்று கொடுத்தால் ஸ்டார்ட்டப்பும் ஸ்கிரிப்டும் தானாக வரும், லிங்க்கிலும் அதைக் கொடுத்திருந்தால். கவனிக்க வேண்டியது ரேம். ஆர்மில் 'கான்ஸ்ட்' அட்டவணைகள் ஃபிளாஷிலேயே இருக்கும். அட்மெகா328பி-யில் 'ப்ரோக்மெம்' (ஃபிளாஷிலேயே வை என்ற குறிப்பு) போடாவிட்டால் அவை ரேமுக்கு நகலாகி, இருக்கும் 2 கேபி-யைத் தின்றுவிடும்.

கேள்வி: டூல்செயின் கோப்பில் ஃப்ளாக்கை மாற்றினேன், எதுவும் மாறவில்லை.

பதில்: 'ஃப்ளாக்ஸ் இனிட்' மாறிகள் முதல் கான்ஃபிகரில் மட்டுமே கேஷுக்குள் (பில்ட் ஃபோல்டரில் சீமேக் மதிப்புகளைச் சேமிக்கும் கோப்பு) போகும். பில்ட் ஃபோல்டரை அழியுங்கள், அல்லது சீமேக் 3.24 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'ஃப்ரெஷ்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.